இரண்டு மழைகளின் மலை – 6: வாக்கரின் தராசு

கதை இதுவரை: திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா 1837-ல் நிறுவிய வானாய்வுக் கூடத்துக்கு 1852-ல் வந்து சேர்ந்தார் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் பிரௌன். 1855-ல் அகத்தியர்கூடத்தின் உச்சியில், ஆறாயிரம் அடிக்கு மேலே, ஓர் ஆய்வுக்கூடம் எழுப்பிக் காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் காந்தப் புலத்தையும் அளந்தார். 1865-ல் அவர் ஐரோப்பா திரும்பிவிட்டார். காற்றழுத்தத்தைப் பார்த்து மழையை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்ற கேள்வியோடு சென்ற வாரம் நின்றோம்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வேலை பிரௌன் போன பத்தே ஆண்டுகளில், மிகக் கொடூரமான ஒரு காரணத்தால், அவசர வேலையானது.

* * *

அகத்தியர்கூடம் ஏறுகிறவர்கள் இன்று போனக்காட்டிலிருந்துதான் நடக்கத் தொடங்குகிறார்கள். விதுரையைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறும் சாலை, பாழடைந்த தேயிலை ஆலை, கவாத்து இல்லாமல் மரமாக வளர்ந்துவிட்ட தேயிலைச் செடிகள், லயங்களில் இன்னும் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அவர்களில் பலரின் முன்னோர் மலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து, தமிழ்நாட்டிலிருந்து, போனவர்கள்.

இந்த மலைக்கு ஆண்டில் இரண்டு மழை. ஜூனில் அரபிக் கடலிலிருந்து வரும் இடவப்பாதி ஒன்று. ஐப்பசியில் வங்கக் கடல் பக்கமிருந்து வரும் துலாவர்ஷம் இன்னொன்று. மேற்குச் சரிவில் விழும் தண்ணீர் கரமனையாறாகிப் பேப்பாறை அணையில் சேர்ந்து திருவனந்தபுரம் நகரத்துக்குக் குடிநீராகிறது. கிழக்குச் சரிவில் விழுவது தாமிரபரணியாகி நெல்லைச் சீமையின் வயல்களுக்குப் போகிறது.

ஒரே உச்சி, இரண்டு பருவங்கள். இந்த வாரக் கதைக்கு இது முக்கியம், மனதில் இருக்கட்டும்.

* * *

1876. தாது வருஷம்.

அந்த ஆண்டு தென்மேற்குப் பருவம் தக்காணத்தில் பொய்த்தது. ஐப்பசியிலாவது பெய்யும் என்று காத்திருந்த சென்னை மாகாணத்தை வடகிழக்குப் பருவமும் கைவிட்டது. அடுத்த ஆண்டும் தென்மேற்கு தவறியது. சேலம், கோவை, பெல்லாரி, கடப்பை, மைசூர் என்று கிராமங்கள் காலியாயின. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சாவு குவிந்துகொண்டிருந்தபோதே, 1877 ஜனவரி 1 அன்று, விக்டோரியாவை இந்தியப் பேரரசியாக அறிவிக்க டெல்லியில் தர்பார் நடத்தினார் வைஸ்ராய் லிட்டன் பிரபு. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் வாங்கும் அளவுக்குக் கூலி போதும் என்று வெட்டியவர், பஞ்சத்தைக் கவனிக்க அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள்.

மழை தவறியதற்குக் கடல் காரணம். இத்தனை பேர் செத்ததற்குக் கடல் மட்டும் காரணமில்லை. துறைமுகங்களிலிருந்து தானியக் கப்பல்கள் அப்போதும் போய்க்கொண்டிருந்தன.

அந்த ஆண்டுகளில் கடல் என்ன செய்துகொண்டிருந்தது என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. பழைய கப்பல்களின் நாட்குறிப்புகளில் மாலுமிகள் பதிந்துவைத்த கடல்நீர் வெப்ப அளவுகளையும், காற்றழுத்தப் பதிவுகளையும் சேர்த்துப் பிற்கால ஆய்வாளர்கள் அந்தப் படத்தை மீட்டெடுத்தார்கள். 1870 முதல் 1876 வரை வெப்பமண்டலப் பசிபிக் பெருங்கடல் தொடர்ந்து குளிர்ந்தே கிடந்தது. பிறகு 1877-ல் அது தலைகீழாகப் புரண்டது. பசிபிக் வழக்கத்தைவிடச் சூடேறுவதை எல் நினோ என்கிறார்கள்; பதிவுகளில் உள்ள மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று எழுந்து 1878 வரை நீடித்தது. அதே 1877-ல் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி சூடேறி, சுமத்ராவை ஒட்டிய கிழக்குப் பகுதி குளிர்ந்தது. 1878-ல் வட அட்லாண்டிக்கும் வழக்கத்தைவிடச் சூடானது.

மூன்று பெருங்கடல்கள் அடுத்தடுத்துத் தடம் மாறின. வட சீனத்தில் பஞ்சம். பிரேசிலின் வடகிழக்கில் பஞ்சம். சேலத்துக் குடியானவனுக்கும் பிரேசிலின் சியாரா மாநிலத்து மாடு மேய்ப்பவனுக்கும் ஒரே நேரத்தில் வானம் வறண்டது.

* * *

ஆட்சியாளர்களுக்கு விடை வேண்டியிருந்தது.

முதலில் சூரியனைக் கைகாட்டினார்கள். சென்னை வானாய்வுக் கூடத்தில் 1813 முதல் மழை அளக்கப்பட்டு வந்தது. அந்தக் கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு, சூரியப் புள்ளிகளின் பதினோராண்டுச் சுற்றோடுதான் தென்னிந்தியப் பஞ்சங்கள் சேர்ந்து வருகின்றன என்று 1877-ல் எழுதினார் வில்லியம் ஹன்டர். லண்டனில் பெரும் பரபரப்பு. அடுத்தடுத்த ஆண்டுகளின் மழை அந்தச் சுற்றுக்குக் கட்டுப்படவில்லை.

அடுத்து இமயமலைப் பனி. 1875-ல் தொடங்கிய இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். குளிர்காலத்தில் இமயத்தில் பனி கூடுதலாகக் கொட்டினால் அடுத்த பருவமழை குறையும் என்று 1884-ல் ஒரு கட்டுரை எழுதினார். 1886 ஜூனில் அதை வைத்து முறையான முதல் பருவமழை முன்னறிவிப்பு வெளியானது. பிளான்ஃபோர்டின் இன்னொரு கவனிப்பை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1877-ல் இந்தியாவில் மட்டுமல்லாமல் ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பரந்த வெளியெங்கும் காற்றழுத்தம் வழக்கத்தைவிட உயர்ந்திருந்ததை அவர் பார்த்திருந்தார். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒரே காலத்தில் வறள்வதைத் தெற்கு ஆஸ்திரேலியாவின் சார்லஸ் டாட் 1888-ல் சுட்டிக்காட்டினார்.

பிளான்ஃபோர்டுக்குப் பின் வந்தவர் ஜான் எலியட். பனி, காற்று, மொரீஷியஸ், ஆஸ்திரேலியா என்று கணக்கில் சேர்க்க ஆரம்பித்தார். அறிக்கைகள் தடித்தன. 1899-ல் நல்ல மழை வரும் என்றது அறிக்கை. அந்த ஆண்டு வட மேற்கு இந்தியா, ராஜஸ்தானில் இன்றும் சப்பனியாப் பஞ்சம் என்று சொல்லப்படும் பெரும் பஞ்சத்தில் விழுந்தது.

துறையின் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போனது.

* * *

1904 ஜனவரியில் அந்த நாற்காலிக்கு வந்தவருக்கு வானிலை தெரியாது.

கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜில் 1889-ன் கணிதத் தேர்வில் முதல் மாணவர். சுழன்று திரும்பி வரும் பூமராங்கின் இயக்கத்தை ஆராய்ந்ததால் 'பூமராங் வாக்கர்' என்றே அழைக்கப்பட்டவர். புல்லாங்குழல் பிரியர். மழை ஏன் பெய்கிறது என்று அவரிடம் கேட்டிருந்தால் உறுதியான விடை எதுவும் கிடைத்திருக்காது. அதுதான் இந்தக் கதைக்குக் கிடைத்த வாய்ப்பு. விடை கைவசம் இருந்தவர்கள் எல்லோரும் அதற்கேற்ற சான்றைத் தேடினார்கள். வாக்கரோ முதலில் எண்களைக் கேட்டார்.

சிம்லாவில் இருந்த தலைமையகத்தில் வேலை தொடங்கியது. உலகில் எங்கெங்கு வானிலை பதியப்படுகிறதோ அங்கிருந்தெல்லாம் காற்றழுத்தம், வெப்பம், மழை, ஆற்று வெள்ளம். ஓர் ஊரின் முப்பது, நாற்பது ஆண்டு எண்களை ஒரு நிரையில் எழுதுவார்கள். இந்தியாவின் மழையைப் பக்கத்து நிரையில். ஒவ்வோர் எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று கழிப்பார்கள். இரண்டு விலகல்களையும் பெருக்குவார்கள். கூட்டுவார்கள். வர்க்கமும் வர்க்கமூலமும் எடுத்து வகுப்பார்கள். கடைசியில் ஒன்றுக்கும் கழித்தல் ஒன்றுக்கும் இடையே ஒரே ஓர் எண் மிஞ்சும். அந்த இரண்டு ஊர்களின் வானமும் சேர்ந்து ஆடுகிறதா, எதிரெதிராக ஆடுகிறதா, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லையா என்பதை அந்த எண் சொல்லிவிடும். பிறகு அடுத்த ஊர். மூன்று மாதம் தள்ளி அதே ஊர். ஆறு மாதம் தள்ளி மறுபடியும்.

கணிப்பொறி இல்லாத காலம். அந்தக் கழித்தலையும் பெருக்கலையும் ஆண்டுக்கணக்கில் செய்து முடித்தவர்கள் இந்திய எழுத்தர்கள். தென்கோளத்தின் ரகசியம் அவர்கள் பென்சில் முனையில்தான் முதலில் தெரிந்தது.

இடையே ஒரு சம்பவம். 1913 பிப்ரவரியில் வாக்கர் சென்னைக்கு வந்தபோது, துறைமுகக் கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தன் அலுவலகத்தில் முப்பது ரூபாய் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஓர் எழுத்தரின் கணக்குகளை அவரிடம் காட்டினார். பார்த்தவுடன் வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். இந்த இளைஞன் கவலை இல்லாமல் சில ஆண்டுகள் கணக்கில் மட்டும் மூழ்கியிருக்க வழி செய்யுங்கள் என்பது கடிதத்தின் சாரம். பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. அந்த எழுத்தர் ஸ்ரீனிவாச ராமானுஜன். மழையைத் தேடி வந்த மனிதர் தமிழ்நாட்டுக்குச் செய்த இந்த ஓர் உதவிக்காகவே அவரை நன்றியோடு நினைக்கலாம்.

* * *

1923, 24. இருபது ஆண்டு உழைப்பின் முடிவு இரண்டு நீண்ட கட்டுரைகளாக வெளிவந்தது.

எண்களின் காட்டுக்குள்ளிருந்து வாக்கர் ஒரு தராசைக் கண்டெடுத்திருந்தார். ஒரு தட்டு பசிபிக் பெருங்கடல், மறுதட்டு இந்தியப் பெருங்கடல். தென் அமெரிக்கா, சமோவா பக்கம் காற்றழுத்தம் உயர்ந்தால் ஆஸ்திரேலியாவின் டார்வின், மொரீஷியஸ், இந்தியா பக்கம் தாழும். அப்போது இந்தியாவில் மழை நன்றாக இருக்கும். பசிபிக் தட்டு தாழ்ந்து இந்தியத் தட்டு உயர்ந்தால் மழை வற்றும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு அவர் வைத்த பெயர் தெற்கத்திய அலைவு.

1924-ல் வாக்கர் ஓய்வு பெற்றார். அதே 1924 ஜூலையில் திருவிதாங்கூர் கண்டிராத வெள்ளம் வந்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் இன்றும் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்றே சொல்கிறார்கள். மூணாறின் குட்டி ரயில்பாதை அதில் அடித்துப் போனது, திரும்ப வரவே இல்லை. மழையை முன்கூட்டிச் சொல்ல வாக்கர் அமைத்த சூத்திரங்கள் இந்தியாவைப் பெரிய பெரிய துண்டுகளாகத்தான் பார்த்தன. ஒரு மலைத்தொடரின் மேற்குச் சரிவில் ஒரு ஜூலை என்ன செய்யும் என்பதை அவற்றிடம் கேட்க முடியாது.

இங்கிலாந்திலோ அவரைப் பலர் நம்பவே இல்லை. பெருங்கடலுக்கு அந்தப் பக்கத்துக் காற்று இந்தப் பக்கத்து மழையை எப்படி ஆட்டுவிக்கும்? காரணம் சொல்ல முடியாத ஒட்டுறவு வெறும் தற்செயல் என்றார்கள். காரணம் கடல்நீரின் வெப்பத்தில் இருந்தது. அதை அளந்த எண்கள் வாக்கர் மேசைக்குப் போதிய அளவில் வரவே இல்லை.

1957-58-ல் உலக நாடுகள் சேர்ந்து சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டைக் கொண்டாடின. பசிபிக் முழுவதும் கருவிகள் பரவியிருந்த அந்த வேளையில்தான் ஒரு பெரிய எல் நினோ வந்தது. பெரு நாட்டுக் கரையோரத்துச் சமாசாரம் என்று நினைக்கப்பட்ட சூடு, கடலின் நடுப்பகுதி வரை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரவியிருந்தது பதிவானது. 1958 நவம்பரில் வாக்கர் இறந்தார்.

1969-ல் யாக்கோப் பியர்க்னஸ் என்ற நார்வேக்காரர் கடலின் சூட்டையும் வாக்கரின் தராசையும் முடிச்சுப் போட்டார். இந்தோனேசியப் பக்கம் கடல் சூடாக இருக்கும்வரை காற்று அங்கே மேலெழும், மேகம் கட்டும். சூடு கிழக்கே பசிபிக் நடுவுக்கு நகர்ந்தால் மேலெழும் இடமும் அதோடு நகரும். அப்போது இந்தியாவின் பக்கத்தில் காற்று கீழ்நோக்கி அமுங்கும். அமுங்கும் காற்றில் மேகம் வளராது. தராசின் முள்ளை ஆட்டியது கடலின் சூடு. அந்தக் காற்றுச் சுற்றுக்குப் பியர்க்னஸ் வாக்கரின் பெயரையே சூட்டினார்.

* * *

இப்போது போனக்காட்டுக்கு வரலாம்.

வாக்கரின் தராசு இந்த மலையில் ஒரு விசித்திரம் செய்கிறது. எல் நினோ ஆண்டுகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரையான மழை பொதுவாகக் குறையும். ஆனால் அக்டோபர் பிறந்ததும், அதே எல் நினோ தென்முனையில் ஐப்பசி மழையைப் பெரும்பாலும் கூட்டும். வங்கக் கடலில் ஈரமான கிழக்குக் காற்று வலுப்பதே காரணம். டெல்லிக்குக் கெட்ட செய்தியாக வருவது நெல்லைக்கு ஐப்பசியில் நல்ல செய்தியாகிவிடும். இரண்டு மழையும் வாங்கும் போனக்காட்டுக்கு ஒரு கை பிடுங்குவதை இன்னொரு கை பாதியாவது திருப்பித் தருகிறது.

2015 கண்ணெதிரே நடந்த எடுத்துக்காட்டு. வலுவான எல் நினோ. நாட்டின் தென்மேற்குப் பருவமழை 14 விழுக்காடு குறைந்தது. டிசம்பர் முதல் நாள் சென்னை மூழ்கியது.

இரண்டு கையும் பிடுங்கினால்?

2016. எல் நினோ ஓய்ந்துவிட்டது, இனி நல்ல மழை என்று எதிர்பார்த்தார்கள். நாட்டின் பெரும்பகுதிக்கு ஓரளவு கிடைத்தது. கேரளத்தில் தென்மேற்குப் பருவம் 34 விழுக்காடு குறைந்தது. அக்டோபர் முடிவதற்குள் பதினான்கு மாவட்டங்களும் வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டன. சரி, துலாவர்ஷம் காப்பாற்றும் என்று பார்த்தால் அதுவும் வரவில்லை. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு பற்றாக்குறை. மலைக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் காய்ந்தது. தாது வருஷப் பஞ்சத்தின் முதல் ஆண்டில் தென்னிந்தியா கண்டதும் இதே அடுக்கைத்தான்.

2017 கோடையில் பேப்பாறை அணை தரை தட்டியது. போனக்காட்டு மலைகளில் விழும் மழைதான் அந்த அணையின் சொத்து. கீழே அருவிக்கரையில் தலைநகரத்துக்குத் தண்ணீர் எடுக்கும் இடத்தில் எடுக்க ஒன்றும் மிஞ்சாத நிலை. மே மாதத்தில் பக்கத்து ஆற்றின் நெய்யாறு அணையிலிருந்து தண்ணீரை எந்திரம் வைத்து இறைத்து, ஓடை வழியாகக் கரமனையாற்றில் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு மாநிலத் தலைநகரம் அப்படித்தான் ஜூன் வரை தாக்குப்பிடித்தது.

அந்த 2016-ல் பசிபிக் பெரிய அட்டகாசம் எதுவும் செய்யவில்லை. அப்படியானால் யார்?

* * *

இதற்கான துப்பு பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தது.

1997-ல் இருபதாம் நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று பசிபிக்கில் எழுந்தது. வாக்கரின் தராசுப்படி இந்தியா வறண்டிருக்க வேண்டும். பஞ்சம் வரும் என்ற அச்சம் நாடெங்கும் பரவியது. பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால் மழை சராசரியில் 102 விழுக்காடு. நூறாண்டு உழைத்துக் கண்டுபிடித்த விதி, அதற்கு மிகப் பொருத்தமான ஆண்டிலேயே பலிக்கவில்லை.

1999-ல் சாஜி, கோஸ்வாமி, வினயச்சந்திரன், ஜப்பானியர் யமகாதா ஆகியோர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பசிபிக்கைப் பார்த்துக்கொண்டே இருந்த உலகத்தைத் தன் வீட்டு வாசல் கடலைப் பார்க்க வைத்த கட்டுரை அது. இந்தியப் பெருங்கடலுக்குச் சொந்தமாகவே ஓர் ஆட்டம் உண்டு. சில ஆண்டுகளில் ஆப்பிரிக்கக் கரைப் பக்கம் சூடேறி, சுமத்ராப் பக்கம் குளிரும். சில ஆண்டுகளில் நேர் மாறாக. இதை இந்தியப் பெருங்கடல் இருமுனை என்கிறார்கள். மேற்கு சூடாக இருந்தால் நமக்குப் பெரும்பாலும் அனுகூலம். 1997-ல் அது எல் நினோவின் அடியைத் தடுத்து வாங்கிக்கொண்டது. 2016-ல் அது எதிர்முனையில் கிடந்தது. கிழக்கில் சூடு, மேற்கில் குளிர். பேப்பாறை காய்ந்த காரணத்தில் பெரும்பங்கு அங்கே இருக்கிறது.

இதோடு புதிர் அவிழ்ந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். அதே 1999-ல் புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கிருஷ்ணகுமார், பாலாஜி ராஜகோபாலனோடும் மார்க் கேனோடும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு அந்த நிம்மதியைக் கெடுக்கிறது. 140 ஆண்டுப் பதிவுகளை அலசினால், எல் நினோவுக்கும் இந்தியப் பருவமழைக்கும் இருந்த பிடிப்பே அண்மைப் பத்தாண்டுகளில் தளர்ந்துவிட்டது என்றது அது. அந்தத் தளர்ச்சியை நம்பி ஆறுதல் கொள்ளவும் முடியவில்லை. 2002-ல் மிதமான ஓர் எல் நினோ வந்தது, நாட்டின் மழையில் 19 விழுக்காட்டைப் பிடுங்கிக்கொண்டு போனது.

இந்திய மழையின் நூற்றாண்டுப் பதிவைத் தள்ளி நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. 1901 முதல் 1930 வரை வறட்சி ஆண்டுகள் அடிக்கடி. 1931 முதல் 1960 வரை செழிப்பு. 1961 முதல் 1990 வரை மறுபடி வறட்சிகள். சுமார் முப்பது முப்பது ஆண்டுகளாக, எல் நினோவின் வேகத்துக்குப் பொருந்தாத மந்த கதியில், ஏதோ ஒன்று பின்னாலிருந்து தராசின் அச்சையே நகர்த்திக்கொண்டிருக்கிறது. வாக்கரின் சூத்திரங்கள் அவர் போனபின் மெல்ல மெல்லப் பலிக்காமல் போனதும் அந்த நகர்வாலா?

இதற்கான முதல் தடயம் இந்தியாவிலிருந்து வரவில்லை. அலாஸ்காவின் சால்மன் மீனவர்களுக்குச் சில பத்தாண்டுகள் வலை நிறைவதும், அதே பத்தாண்டுகளில் தெற்கே வாஷிங்டன் மாநிலக் கரையில் மீன் குறைவதும் ஏன் என்று தேடிய மீன்வள ஆய்வாளர் ஒருவரின் கையில் 1990-களில் அது சிக்கியது. வட பசிபிக்கில் சால்மனை ஏற்றி இறக்கிய அதே கை, போனக்காட்டின் இடவப்பாதியையும் துலாவர்ஷத்தையும் தலைமுறைக்கு ஒருமுறை மாற்றி வைக்கிறதா?

(அடுத்த வாரம்)